அலிபிரிப் படி ஏறும் முன் வீட்டிலேயே இதயத்தின் திறனை அளக்க முடியுமா?

நகரி நெசவாளி:

அனைவருக்கும் வணக்கம். நகரியில் எட்டு விசைத்தறி வைத்து ஓட்டுகிறேன். வயது 47. நாள் முழுவதும் தறிக்குத் தறி நடப்பதும், நூல் அறுந்த இடத்தில் குனிந்து முடிபோடுவதும், பாவு தீர்ந்தால் பீம் தூக்கி மாட்டுவதுமாக இருக்கும் வேலை என்பதால், உடம்பு உரமாகத்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். சென்ற புரட்டாசியில் குடும்பத்தோடு திருமலைக்குப் போகும் அலிபிரிப் படிப் பாதையில் ஏறியபோது அந்த நம்பிக்கை குலைந்தது. மொத்தம் 3,550 படிகள். வழியில் வரும் காலி கோபுரத்தை எட்டுவதற்குள்ளேயே நான்கு இடங்களில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு வலிக்கவில்லை, தலை சுற்றவில்லை. மூச்சு மட்டும் அடங்க மறுத்தது. எங்களோடு வந்த என் மாமியாருக்கு வயது 61. ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே அவர் என்னைக் கடந்து போனார்.

இறங்கி வந்ததும் மருத்துவரைப் பார்த்தேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. மூன்றும் சரியாக இருப்பதாகவும், மூச்சுத் தாங்கும் சக்திதான் குறைந்திருப்பதாகவும், நடந்து பழகினால் கூடிவிடும் என்றும் சொன்னார். இந்த ஆண்டும் ஏற வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் பழகப் பழக உண்மையிலேயே சக்தி கூடுகிறதா என்பதை எதைக் கொண்டு தெரிந்துகொள்வது? ஒரு பலகையில் ஏறி இறங்கி நாடி பார்க்கும் சோதனை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டேன். பலகை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், எத்தனை நிமிடம் ஏற வேண்டும், நாடியை எப்போது எண்ண வேண்டும், அந்த எண் எதைச் சொல்கிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


புத்தூர் பி.டி. வாத்தியார்:

தம்பி, நல்ல கேள்வி கேட்டீர்கள். சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில், 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய அந்தக் கல்லூரியில் பயின்று, பிறகு 31 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையை நடத்தியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படியேற்றச் சோதனை என்பது ஒன்றல்ல, பல. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே விஷயம்தான். எல்லோருக்கும் ஒரே அளவான வேலையைக் கொடுத்து, அந்த வேலைக்கு இதயம் எவ்வளவு துடிக்க வேண்டியிருந்தது என்பதையும், வேலை நின்றபின் எவ்வளவு விரைவில் தணிகிறது என்பதையும் பார்ப்பது. பழகிய இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை வெளியே தள்ளும். ஆகவே அதே வேலைக்கு அதற்குக் குறைந்த துடிப்புகள் போதும். பழகாத இதயம் ஒரு துடிப்பில் குறைவாகத் தள்ளுவதால் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். மலையில் உங்களுக்கு நேர்ந்ததும், உங்கள் மாமியாருக்கு நேராததும் பெரும்பாலும் இதனால்தான்.

இவற்றில் மிகவும் பெயர் பெற்றது ஹார்வர்டு படிச் சோதனை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்டு களைப்பு ஆய்வகத்தில் லூசியன் புரூஹாவும் உடன் பணிபுரிந்தவர்களும் உருவாக்கி, 1943-இல் வெளியிட்டார்கள். ஆண்களுக்கு 20 அங்குலப் பலகை. நிமிடத்துக்கு 30 முறை ஏறி இறங்க வேண்டும். 5 நிமிடம் தொடர வேண்டும். முடித்ததும் உட்கார்ந்து, 1 நிமிடம் கழித்து 30 விநாடி, 2 நிமிடம் கழித்து 30 விநாடி, 3 நிமிடம் கழித்து 30 விநாடி என மூன்று முறை நாடியை எண்ண வேண்டும். ஏறிய நேரத்தை விநாடியில் எடுத்து 100-ஆல் பெருக்கி, மூன்று எண்ணிக்கையின் கூட்டுத்தொகையின் இருமடங்கால் வகுத்தால் வருவதே மதிப்பெண். ஒருவர் 300 விநாடியும் தாக்குப்பிடித்து, நாடி 75, 60, 50 என்று வந்தால் கூட்டுத்தொகை 185. 30,000-ஐ 370-ஆல் வகுத்தால் 81. 90-க்கு மேல் மிகச் சிறப்பு, 80 முதல் 89 வரை நன்று, 55-க்குக் கீழ் பலவீனம் என்று பகுத்திருந்தார்கள்.

ஆனால் இதை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விவரித்தேன். அது இளம் வயது ஆண்களின் உச்சத் திறனைப் பார்ப்பதற்காக அமைந்தது. 20 அங்குலம் என்பது முழங்கால் உயரத்தையே எட்டிவிடும். பயிற்சி மாணவனாக இருந்த காலத்தில் நான் செய்தபோது நான்காம் நிமிடத்தில் தொடை நடுங்கி நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது.

உங்களுக்கு ஏற்றது 3 நிமிட ஒய்.எம்.சி.ஏ. சோதனை. பலகை உயரம் 12 அங்குலம், அதாவது 30.5 சென்டிமீட்டர். மெட்ரோனோம் என்னும் தாளச் செயலியைக் கைப்பேசியில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் 96 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தட்டுக்கு வலக்கால் மேலே, இரண்டாவதற்கு இடக்கால் மேலே, மூன்றாவதற்கு வலக்கால் கீழே, நான்காவதற்கு இடக்கால் கீழே. நான்கு தட்டுக்கு ஒரு முறை என்ற கணக்கில் நிமிடத்துக்கு 24 முறை ஆகும். மேலே நிற்கும்போது முழங்கால் முழுவதும் நிமிர வேண்டும். பாதி மடங்கிய காலோடு இறங்கினால் வேலை குறைந்துவிடும். வலக்கால் அசந்தால் நடுவில் இடக்காலை முன்வைத்துக்கொள்ளலாம். 3 நிமிடம் முடிந்த அந்த நொடியே நாற்காலியில் உட்கார்ந்து, 5 விநாடிக்குள் எண்ணத் தொடங்கி, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். அந்த ஒரே எண்தான் விடை. அதில் வேலையின் உச்சமும் அடங்கும், தணிவின் தொடக்கமும் அடங்கும்.

பலகைக்கு முக்காலியைப் பயன்படுத்தாதீர்கள். ஓரத்தில் கால் வைத்தால் கவிழும். செங்கல்லை அடுக்கி மேலே பலகை போடுவதும் வேண்டாம். தச்சரிடம் சொல்லி ஒரு பெட்டியாகச் செய்து, சுவரோரம் வைத்து ஏறுங்கள். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வருவது உங்களுக்குத் தெரியும். சோதனைக்காக ஏறி விழுந்து நீங்களும் அந்த வரிசையில் வந்து நிற்கும்படி ஆகக் கூடாது.


திருத்தணி செவிலி:

வாத்தியார் ஐயா சொன்னவற்றோடு சில விஷயங்களைச் சேர்க்க வேண்டியது என் கடமை. நகரி அண்ணா மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார். அது சரியான வரிசை. படிக்கிற மற்றவர்கள் நேரே பலகையில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நெஞ்சில் இறுக்கம், நடந்தால் வந்து நின்றால் போகும் வலி, காரணமில்லாத மயக்கம், படபடப்பு, கால் வீக்கம் ஆகியவை இருப்பவர்களும், இதய நோய் என்று ஏற்கெனவே அறியப்பட்டவர்களும், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் இதை வீட்டில் செய்யவே கூடாது. அவர்களுக்கு மருத்துவமனையில் இ.சி.ஜி. பொருத்தி, மருத்துவர் அருகிலிருக்க நடத்தும் டிரெட்மில் சோதனைதான் முறையானது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையில் இதயத்துக்கு முன்பே மூட்டு தோற்றுவிடும். அப்போது வருகிற எண்ணால் பயன் இல்லை. செய்துகொண்டிருக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, கண் இருண்டாலோ, தாளத்தோடு கால் போகாமல் தடுமாறினாலோ அந்த நொடியே நிறுத்துங்கள். தனியாகச் செய்யாமல் வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாடியை மணிக்கட்டில் பெருவிரல் பக்கத்துப் பள்ளத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்துப் பாருங்கள். பெருவிரலால் பார்த்தால் அதிலுள்ள துடிப்பே குழப்பும். கழுத்தில் பார்ப்பது எளிதென்று பலர் அழுத்திப் பிடிக்கிறார்கள். அந்த இடத்தை அழுத்தினாலே இதயத் துடிப்பு குறையக்கூடும் என்பதால் கழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது அது சரியாகவே காட்டும். ஆனால் கை ஆடினால் தவறும், நாடி வேகமாக மாறும் நேரத்தில் சற்றுப் பின்தங்கியே காட்டும். விரலால் எண்ணப் பழகுவதே மேல்.

இன்னொன்று. எந்த நாளில் அளக்கிறோம் என்பதும் எண்ணை மாற்றும். காய்ச்சல், சரியாகத் தூங்காத இரவு, அப்போதுதான் குடித்த காபி, பீடி, சாப்பாடு ஆகி ஒரு மணி நேரம்கூட ஆகாத வயிறு, தண்ணீர் குடிக்காத உடம்பு, நம் பக்கத்துச் சித்திரை வெயில் எல்லாமே துடிப்பைக் கூட்டும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு எப்போதும் கூடுதலாகவே வரும். அவர்கள் முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.


நகரி நெசவாளி:

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மிக்க நன்றி. தச்சரிடம் 12 அங்குலப் பெட்டி செய்து வாங்கி, நேற்று மாலை பார்த்தேன். என் மகன் கடிகாரம் பிடித்தான். 3 நிமிடம் முடித்து ஒரு நிமிட நாடி எண்ணியதில் 141 வந்தது. ஓய்வில் 82 இருந்தது. 141 என்றால் மிகவும் மோசமா? ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர வேறு தொந்தரவு இல்லை. மனம் கலங்கி இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.


பள்ளிப்பட்டு இயற்பியல் மாணவன்:

அண்ணா, கலங்குவதற்கு முன் ஒரு சந்தேகம். எங்கே வைத்துச் செய்தீர்கள்? மூன்று நிமிடத்தில் மொத்தம் எத்தனை முறை ஏறினீர்கள் என்று உங்கள் மகன் எண்ணினாரா? சரியான தாளத்தில் போயிருந்தால் 72 வர வேண்டும்.


நகரி நெசவாளி:

தறிக்கொட்டகையில்தான் செய்தேன் தம்பி. தரை சமமாக இருக்கும் இடம் அதுதான். தறிச் சத்தத்தில் கைப்பேசியின் தட்டு சரியாகக் கேட்கவில்லை என்று பிறகுதான் உறைத்தது. மகனிடம் கேட்டேன், அவன் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறான். எண்ணிப் பார்த்தால் 89 இருக்கிறது.


பள்ளிப்பட்டு இயற்பியல் மாணவன்:

காரணம் அதுதான் அண்ணா. 89-ஐ மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30. அதாவது தட்டு 96-க்குப் பதில் ஏறக்குறைய 120. உங்கள் தறி நிமிடத்துக்கு 120-க்கு மேல் அடிக்கும் இல்லையா? இத்தனை ஆண்டுகளாகக் காதில் ஒலித்த அந்த அடிக்கு உங்கள் கால் தானாக இசைந்துவிட்டது. வாத்தியார் ஐயா சொன்ன ஹார்வர்டு சோதனையின் வேகமே 30தான்; அந்த வேகத்தில் நீங்கள் 12 அங்குலம் ஏறியிருக்கிறீர்கள்.

இதனால் வேலை எவ்வளவு கூடியது என்பதையும் கணக்கிடலாம். படியேற்றத்துக்கு உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கும் என்று மதிப்பிட அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரம் ஒன்று உண்டு. நிமிடத்துக்கு எத்தனை முறை ஏறுகிறோம் என்பதை 0.2-ஆல் பெருக்குவது ஒரு பகுதி. அதே எண்ணைப் படியின் உயரத்தால், மீட்டரில், பெருக்கி, மேலும் 1.8-ஆலும் 1.33-ஆலும் பெருக்குவது அடுத்த பகுதி. ஓய்வுக்கான 3.5 மூன்றாவது பகுதி. மூன்றையும் கூட்டினால் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று வரும். 30.5 சென்டிமீட்டர் பலகையில் 24 முறை ஏறினால் 25.8, 30 முறை ஏறினால் 31.4. ஆக, கேட்கப்பட்ட வேலையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகச் செய்துவிட்டு அந்த 141-ஐப் பெற்றிருக்கிறீர்கள். அதே சூத்திரத்தில் ஹார்வர்டு சோதனையைப் போட்டால் 46 வருகிறது. ஏன் அதை உங்களுக்கு வேண்டாம் என்று ஐயா தடுத்தார் என்பது இந்த ஒரு எண்ணிலேயே விளங்கும்.

தறி நின்றிருக்கும் காலை நேரத்தில், வீட்டுக்குள், மறுபடி செய்து பாருங்கள்.


ஏகாம்பரகுப்பம் சகோதரி:

இந்த உரையாடலைப் படித்தபோது என் மனத்தில் நெடுநாளாக இருந்த ஒரு வருத்தத்துக்கு விளக்கம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் நடந்த உடல்நல முகாமில் எங்கள் சுய உதவிக் குழுவிலிருந்து இருபது பெண்கள் கலந்துகொண்டோம். அந்தக் கட்டடத்தின் வாசற்படியிலேயே ஏறி இறங்கச் சொன்னார்கள். அந்தப் படிகளில் கீழ்ப்படி தாழ்வு, மேல்படி உயரம். தாளம் எதுவும் வைக்கவில்லை. "வேகமாக, வேகமாக" என்று ஒருவர் கைதட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும் வரிசையில் நிற்கவைத்து, ஒருவர் பின் ஒருவராக நாடி பார்த்தார்கள். வரிசையில் முதலில் நின்ற எனக்கு "இதயம் பலவீனம்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கி, வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணுக்கு "மிக நன்று" என்று எழுதினார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பயந்தே வாழ்ந்தேன். பாரம் தூக்கக்கூட என் கணவர் விடவில்லை. பிறகு வேலூர் சென்று முழுமையாகப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.


புத்தூர் பி.டி. வாத்தியார்:

அம்மா, உங்களுக்கு நேர்ந்தது மிகவும் வருந்தத்தக்கது. அந்தச் சீட்டு அளந்தது உங்கள் இதயத்தை அல்ல, வரிசையில் நீங்கள் நின்ற இடத்தை. உழைப்பு நின்றவுடன் நாடி வெகு வேகமாக இறங்கும்; முதல் ஒரு நிமிடத்திலேயே பெரும் பகுதி இறங்கிவிடும். ஐந்து நிமிடம் கழித்துக் கை பிடிக்கப்பட்டவருக்கு நாடி தணிந்திருப்பதில் வியப்பு என்ன இருக்கிறது? அதனால்தான் ஒவ்வொரு சோதனையிலும் எண்ணத் தொடங்கும் விநாடியைக்கூட வரையறுத்து வைத்திருக்கிறார்கள். ஒய்.எம்.சி.ஏ. முறையில் 5 விநாடிக்குள் தொடங்கி ஒரு நிமிடம். நியூயார்க்கின் குயின்ஸ் கல்லூரி முறையில் ஐந்தாம் விநாடியிலிருந்து இருபதாம் விநாடி வரை 15 விநாடி மட்டும். ஹார்வர்டு முறையில் ஒரு நிமிடம் விட்டு 30 விநாடி. ஒரு முறையின் பலகையில் ஏறி, இன்னொரு முறையின் நேரத்தில் எண்ணி, மூன்றாவது முறையின் அட்டவணையில் பொருத்தினால் வருவது வெறும் எண்தான்.

பிள்ளைகளுக்கு நான் நடத்தியபோது இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் ஏற, மற்றவன் அவன் மணிக்கட்டைப் பிடிக்கத் தயாராக நிற்பான். விசில் ஊதியதும் ஒரே நேரத்தில் எண்ணுவார்கள். ஆசிரியர் ஒருவரே எல்லோருக்கும் எண்ண முயன்றால் அந்தச் சோதனை கெட்டுவிடும்.


பள்ளிப்பட்டு இயற்பியல் மாணவன்:

குயின்ஸ் கல்லூரி முறையை ஐயா குறிப்பிட்டதால் ஒரு கேள்வி. அதில் நாடியிலிருந்து நேரடியாக அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வையே, அதாவது உச்ச உழைப்பில் உடம்பு செலவழிக்கக்கூடிய ஆக்சிஜன் அளவையே, கணக்கிடலாம் என்று பாடத்தில் படித்தேன். மெக்கார்டிலும் உடனிருந்தவர்களும் 1972-இல் வெளியிட்டது. பலகை 16.25 அங்குலம், ஆண்கள் நிமிடத்துக்கு 24 முறை, பெண்கள் 22 முறை, 3 நிமிடம். ஆண்களுக்கு, நிமிட நாடியை 0.42-ஆல் பெருக்கி 111.33-லிருந்து கழிக்க வேண்டும். பெண்களுக்கு 0.1847-ஆல் பெருக்கி 65.81-லிருந்து கழிக்க வேண்டும். கொல்கத்தாவில் இளம் ஆண்களிடம் இதை நேரடி அளவீட்டோடு ஒப்பிட்டு, நம் நாட்டு இளைஞர்களுக்கும் பொருந்துகிறது என்று 2004-இல் கட்டுரை வெளியாகியிருக்கிறது. நகரி அண்ணாவுக்கு இதைச் செய்தால் வெறும் நாடி எண்ணைவிட அறிவியல்பூர்வமான விடை கிடைக்காதா?


புத்தூர் பி.டி. வாத்தியார்:

தம்பி, சூத்திரத்தில் தசமப் புள்ளி இருப்பதாலேயே விடை நுட்பமானது ஆகிவிடாது. 15 விநாடியில் 40 துடிப்பு எண்ணினால் நிமிடத்துக்கு 160, விடை 44.1. ஒரே ஒரு துடிப்பு கூடுதலாக எண்ணி 41 என்றால் 164, விடை 42.4. மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பவர் தம் நாடியைத் தாமே எண்ணும்போது ஒன்று தவறுவது இயல்பு. அதற்கும் மேல், அந்தச் சூத்திரங்கள் கல்லூரி வயதினரை வைத்து வகுக்கப்பட்டவை. கொல்கத்தா ஒப்பீடும் இளைஞர்களிடம்தான். வயது கூடக் கூட இதயத்தின் உச்சத் துடிப்பு குறைந்துகொண்டே வரும். 220-லிருந்து வயதைக் கழிப்பது பழைய கணக்கு. 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது 2001-இல் தனாகாவும் உடனிருந்தவர்களும் தந்த கணக்கு. அந்தக் கணக்கில் 47 வயதுக்கு 175 வரும். 20 வயதுக்கு 194. ஒரே 160 என்ற நாடி இருபது வயதுப் பையனுக்கு உச்சத்திலிருந்து நெடுந்தொலைவு. நகரித் தம்பிக்கு உச்சத்தின் வாசல். இரண்டுக்கும் ஒரே சூத்திரம் எப்படிச் சரியாகும்?

உயரத்தையும் மறக்கக் கூடாது. அதே பலகை குட்டையானவருக்குக் கடினம், நெட்டையானவருக்கு எளிது. ஆகவே என் கருத்து இதுதான்: பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை வைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு. உங்கள் பெட்டி, உங்கள் நேரம், உங்கள் கடிகாரம் ஆகியவற்றை மாற்றாமல், உங்கள் பழைய எண்ணோடு புதிய எண்ணை வைத்துப் பாருங்கள். அப்போது உயரமும் வயதும் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், மிச்சம் இருப்பது பயிற்சியால் வந்த மாற்றம் மட்டுமே.

பயிற்சிக்கு, வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடத்துக்குக் குறையாமல் விரைந்து நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே வேகத்தின் அளவு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடக் கணக்கும் அதுதான். வாரம் ஒரு நாள் திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளை ஏறுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சோதனை செய்யுங்கள். நாளுக்கு நாள் அளந்தால் மனம்தான் ஊசலாடும்.


நகரி நெசவாளி:

ஞாயிறு அதிகாலை, தறி ஓடாத நேரத்தில், கூடத்தில் செய்தேன். மகன் எண்ணியதில் சரியாக 72. நாடி 126. ஐயா சொன்னபடி பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாவுக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு குறித்துவைத்தேன்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியாரும் செய்து பார்க்க ஆசைப்பட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. முழு 3 நிமிடமும் ஏறி இறங்கி, எண்ணினால் 97. வீடே வியந்தது. மலையில் அவர் என்னைக் கடந்து போனதன் காரணம் இப்போது புரிகிறது. 61 வயதில் 97 என்றால் அவருடைய இதயம் இளைஞருடைய இதயம் போன்றது என்று கொள்ளலாமா?


திருத்தணி செவிலி:

அண்ணா, அம்மா தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா? அட்டையில் இருக்கும் பெயரை அப்படியே எழுதுங்கள்.


நகரி நெசவாளி:

ரத்த அழுத்தத்துக்கு ஆறு ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார். அட்டையில் அட்டெனலால் 50 என்று இருக்கிறது.


திருத்தணி செவிலி:

நான் சந்தேகித்தது அதுவே. அட்டெனலால், மெட்டோபுரொலால் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பை மேலே ஏற விடாமல் பிடித்துவைப்பவை. அவற்றின் வேலையே அது. ஆகவே அந்த 97 மாத்திரையின் எண், இதயத் திறனின் எண் அல்ல. அம்மாவின் உடல் உண்மையிலேயே நன்றாகப் பழகியதாகவும் இருக்கலாம். ஆனால் நாடியை எண்ணி அதைச் சொல்ல முடியாது. தயவுசெய்து இதற்காக ஒரு நாள்கூட மாத்திரையை நிறுத்திப் பார்க்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறி ஆபத்தில் முடியக்கூடும். நீண்ட காலச் சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் நாடி இதுபோலத் தவறான செய்தி சொல்லும்.

அதோடு, 60 வயதைக் கடந்தவர்களும், ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களும் மலைக்கு நடைபாதையில் ஏறுவதைத் தவிர்க்கும்படி திருமலை திருப்பதி தேவஸ்தானமே அறிவுறுத்துகிறது. அம்மாவின் பக்தியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இந்த ஆண்டு ஏறுவதற்கு முன் அவரை ஒருமுறை இதய மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

உங்களுக்கு ஒரு குறிப்பு. உழைப்பு நின்ற முதல் நிமிடத்தில் நாடி எத்தனை குறைகிறது என்பதைத் தனியாகவும் கவனிக்கலாம். 1999-இல் கோல் என்பவரும் உடனிருந்தவர்களும் டிரெட்மில் சோதனை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாகவே தணிந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இறப்பு அபாயம் அதிகம் என்று கண்டார்கள். அது உச்சம் வரை உழைத்து, பிறகு மெல்ல நடந்து தணியும் முறை. ஆகவே அந்த 12 என்ற எல்லையைப் பலகைச் சோதனைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. ஆனால் விரைந்து தணிவது நல்ல அறிகுறி என்பது இரண்டுக்கும் பொது. உழைப்பு நின்றதும் இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு எவ்வளவு சுறுசுறுப்பாகத் திரும்ப வேலைக்கு வருகிறது என்பதை அது காட்டுகிறது.


ஏகாம்பரகுப்பம் சகோதரி:

செவிலி அக்காவுக்கு நன்றி. என் அம்மாவும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறார். இன்றே அவரிடம் சொல்லிவிட்டேன்.


பள்ளிப்பட்டு இயற்பியல் மாணவன்:

நகரி அண்ணா, மலையோடு ஒப்பிட ஒரு கணக்கு. சோதனையில் நீங்கள் நிமிடத்துக்கு 24 முறை 30.5 சென்டிமீட்டர் உயர்கிறீர்கள், நிமிடத்துக்கு 7.3 மீட்டர். அலிபிரியில் ஒரு படி சராசரியாக அரை அடி என்று வைத்துக்கொண்டால், அதே வேலைக்கு நிமிடத்துக்கு 48 படி ஏற வேண்டும். அவ்வளவு வேகத்தில் யாரும் தொடர்ந்து ஏறுவதில்லை. நிமிடத்துக்கு 24 படி போனால் சோதனையின் பாதி வேகம்தான். சென்ற ஆண்டு நீங்கள் இளைப்பாறிய காரணம் மலை அல்ல, தொடக்கத்தில் எடுத்த வேகமாக இருக்கலாம். ஆனால் சோதனை 3 நிமிடம், மலை பல மணி நேரம். கடைசியில் வரும் முழங்கால் முறிச்சான் ஏற்றத்தில் தொடை என்ன சொல்லும் என்பதைப் பலகை சொல்லாது. அதற்குத் திருத்தணிப் படிகள்தான் பதில்.


நகரி நெசவாளி:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன். முதல் அளவு 126. நான்கு வாரம் கழித்து 123. அப்போது மனம் சோர்ந்தது. எட்டாவது வாரம் 116. பன்னிரண்டாவது வாரமான நேற்று 111. ஓய்வு நாடி 82-லிருந்து 75-க்கு இறங்கியிருக்கிறது. நான்குமே ஞாயிறு காலை 6 மணிக்கு, காபிக்கு முன், அதே பெட்டியில், மகன் கோடு போட்டு 72 எண்ண எடுத்தவை. திருத்தணியில் முதல் வாரம் மூன்று இடத்தில் நின்றேன். இப்போது நிற்காமல் மேலே போய், மணி அடிக்கும் சத்தத்தில் மூச்சு அடங்குவதைக் கேட்க முடிகிறது.

மாமியாரைத் திருப்பதியில் இதய மருத்துவரிடம் காட்டினோம். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஏறலாம், ஆனால் குனிந்து நிமிர்ந்து படிக்குப் படி பொட்டு வைப்பது இந்த வயதில் வேண்டாம், உட்கார்ந்து உட்கார்ந்து போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மஞ்சள் குங்குமம் வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். குனிந்து நிமிர்வதால் வேலை எவ்வளவு கூடும் என்று பள்ளிப்பட்டுத் தம்பி கணக்குப் போட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும். வருகிற சனிக்கிழமை விடியலில் புறப்படுகிறோம்.


பள்ளிப்பட்டு இயற்பியல் மாணவன்:

குனிந்து நிமிர்வதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை அண்ணா. அதையும் சேர்த்துத் திருத்தணியில் ஒருமுறை செய்து பார்த்து, மேலே சென்றதும் நாடியை எண்ணிக்கொள்ளுங்கள்.


புத்தூர் பி.டி. வாத்தியார்:

126-லிருந்து 111. மிகவும் மகிழ்ச்சி தம்பி. மலையிலிருந்து இறங்கிய மறுநாளே அளக்காதீர்கள். தொடை வலியும் களைப்பும் எண்ணைக் கூட்டிவிடும். ஒரு வாரம் விட்டு, ஞாயிறு காலை 6 மணிக்கு, அதே பெட்டியில்.